வளைகாப்புச் சீர்வரிசையில் எவையெல்லாம் விமானம் ஏறும்? (திருச்சி – துபாய்)

கேள்வி
எழுதியவர்: காவிரிக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். துபாயில் இருக்கும் எங்கள் மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. நீண்ட பயணம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், வளைகாப்பை அங்கேயே நடத்துவது என்று இரு வீட்டாரும் முடிவு செய்திருக்கிறோம். நானும் என் மனைவியும் அடுத்த மாதம் திருச்சியிலிருந்து புறப்படுகிறோம். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம்.

சீருக்காக என் மனைவி எழுதி வைத்திருக்கும் பட்டியல் ஒரு முழுத்தாளின் இரு பக்கங்களையும் நிரப்பிவிட்டது. கண்ணாடி வளையல் ஐந்து டஜன், மஞ்சள், குங்குமம், பன்னீர் ஒரு பாட்டில், வெற்றிலை இரண்டு கவுளி, கொட்டைப்பாக்கு, எங்கள் கொல்லையில் காய்த்த தேங்காய் ஒன்பது, கொப்பரை ஒரு கிலோ, சூடம், தீப்பெட்டி, அதிரசம், முறுக்கு ஆகியவை முதல் பக்கத்தில் இருக்கின்றன. வீட்டில் அரைத்த குருமா மசாலா, கசகசா கால் கிலோ, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறுகாய், பிரசவ லேகியம், அதைக் கிளறுவதற்கான சரக்குகள், மகள் கேட்ட ஒரு சிறிய அரிவாள்மனை ஆகியவை மறுபக்கத்தில். இவற்றுக்கு மேல் என் மகன் வாங்கிக் கொடுத்த 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று இருக்கிறது. என் மனைவி தினமும் இரு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அதையும் கொண்டு செல்ல வேண்டும்.

டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர், வீட்டுப் பொருட்கள்தானே, எல்லாம் போகும் என்கிறார். எதிர் வீட்டுக்காரர், தேங்காயை விமான நிலையத்திலேயே குப்பைத் தொட்டியில் போடச் சொல்வார்கள் என்கிறார். தேங்காய்க்கு அனுமதி கொடுத்துவிட்டதாகச் செய்தித்தாளில் படித்தேன் என்கிறார் இன்னொருவர். எதைப் பெட்டியில் வைப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதை வீட்டிலேயே விட்டுச் செல்வது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். இயன்றவரை காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் இல்லாத ‘கூடாது’ எதுவும் என் மனைவியிடம் செல்லாது.

பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்றவன்

ஐயா, வணக்கம். பயணிகளின் பெட்டிகளையும் சரக்கையும் கையாளும் பணியில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பட்டியலைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. ஒரு தாம்பாளத்தில் மங்கலப் பொருள் என்று நாம் வைப்பவற்றில் பாதி, எங்கள் துறைப் புத்தகத்தில் வேறு பெயரில் இருக்கிறது.

ஒரு பொருளை மூன்று வெவ்வேறு கைகள் தடுக்கலாம் என்பதை முதலில் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதலாவது பாதுகாப்புச் சோதனை. இந்த விதிகளை வகுப்பது சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம். சோதனை வாயிலில் அவற்றைச் செயல்படுத்துவோர் பெரும்பாலும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர். இந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு யாரையாவது மிரட்டவோ காயப்படுத்தவோ முடியுமா என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி. அரிவாள்மனை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறுகாய் ஆகியவை கைப்பையில் கூடாது என்பது இதனால்தான். மற்ற ஊறுகாய்களுக்கு இல்லாத தடை மிளகாய் ஊறுகாய்க்கு மட்டும் இருப்பதைக் கண்டு பலரும் வியப்பார்கள். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் வியப்பு அடங்கிவிடும். இந்த வகைப் பொருட்கள் எல்லாம், கவுன்ட்டரில் ஒப்படைத்துவிடும் செக்-இன் பெட்டிக்குள் போகலாம். அரிவாள்மனையின் அலகைத் தடித்த அட்டையால் சுற்றிக் கட்டிவிடுங்கள், பெட்டியைத் திறந்து பார்ப்பவரின் விரலும் விரல்தானே.

இரண்டாவது கை விமானத்தின் பாதுகாப்பைப் பார்க்கிறது. இந்தப் பொருள் யார் தூண்டுதலும் இல்லாமல் தானாகவே எரியுமா, கசியுமா, வெடிக்குமா என்பது இங்குள்ள கேள்வி. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த அபாயகரப் பொருள் விதிகளும், அவற்றைத் தழுவி இந்தியாவில் 2003-இல் வந்த விதிகளும் இதற்கு அடிப்படை. இவ்விதிகள் அபாயகரப் பொருட்களை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்து, அவற்றில் அடங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஐ.நா. எண் கொடுத்திருக்கின்றன.

உங்கள் சூடம் நான்காம் வகுப்பில் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், எண் 2717. உங்கள் கொப்பரையும் அதே நான்காம் வகுப்புதான், ஆனால் இன்னும் கடுமையான பிரிவு, தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள், எண் 1363. இதை நான் சொன்னபோது நம்பாதவர்கள் ஏராளம். கொப்பரையின் எடையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய். ஈரமும் கலந்து நெருக்கமாக அடைந்து கிடக்கும்போது அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடுகிறது. வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் அது கூடிக்கொண்டே போகும். கொப்பரைக் களத்தில் மாலை நேரத்தில் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை, வெயில் இறங்கிய பிறகும் உள்ளே கதகதப்பு இருக்கும். கப்பல்காரர்கள் இதற்கு அஞ்சியது விமானம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே.

எனவே முழுக் கொப்பரை கையிலும் ஆகாது, பெட்டியிலும் ஆகாது. சிறு துண்டுகளாக நறுக்கியதைச் செக்-இன் பெட்டியில் மட்டும் ஏற்கும் நிறுவனங்கள் உண்டு. அதை உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தண்ணீர் ததும்பும் தேங்காய் கொப்பரை அல்ல என்பது உண்மைதான். ஆனால் முழுத் தேங்காயைப் பற்றி ஒவ்வொரு நிறுவனத்தின் பட்டியலும் ஒவ்வொரு விதமாகச் சொல்வதால், கவுன்ட்டரில் நின்று அது பச்சையா உலர்ந்ததா என்று வழக்காடுவது வீண்வேலை. ஒன்பது தேங்காயின் எடையையும் சற்று எண்ணிப் பாருங்கள். தீப்பெட்டியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இந்திய விமான நிலையங்களில் அது கையிலும் பெட்டியிலும் கூடாது.

பயணிகள் அதிகம் தவறுவது இந்த இரண்டாவது வகையில்தான். ‘கையில் வேண்டாம் என்றால் பெட்டிக்குள் போட்டுவிடுவோம்’ என்பது முதல் கைக்கு எழுதிய விடை. இரண்டாவது கையிடம் அது செல்லாது. பெட்டிகள் அடுக்கப்படும் கீழ்த்தளத்தில் மனிதர் யாரும் இல்லை. அங்கே எரியத் தொடங்கும் பொருளைப் பார்த்து ஓடிவர ஒருவரும் இல்லை என்பதால், தீப்பற்றும் பொருள் அங்கே இருப்பது பல நேரங்களில் கையில் இருப்பதைவிட மோசம்.

பன்னீர், லேகியம், நெய் போன்றவை திரவம், களிம்பு என்ற கணக்கில் சேரும். பன்னாட்டுப் பயணத்தில் கைப்பையில் இவை ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மிகாத கலத்தில், எல்லாக் கலங்களும் ஒரு லிட்டர் அளவுள்ள, திறந்து மூடக்கூடிய ஒளிபுகும் பையில் அடங்க வேண்டும். பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்ற வாதம் செல்லாது, கலத்தின் கொள்ளளவையே பார்ப்பார்கள். அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கத் தீட்டிய சதி 2006 ஆகஸ்டில் லண்டனில் அம்பலமானதை அடுத்து வந்த விதி இது. பன்னீரையும் லேகியத்தையும் பெட்டியில் வையுங்கள், அத்தோடு கவலை விட்டது.

மூன்றாவது கை நீங்கள் இறங்கும் நாட்டின் சுங்கத்துறை. உங்கள் பட்டியலில் உண்மையிலேயே ஆபத்தான இரண்டு பொருட்கள் அந்தக் கையில்தான் சிக்கும். அதை அங்கே வாழ்பவர்கள் சொல்வதே முறை.

பதில் 2
எழுதியவர்: கராமாவாசி

பதினெட்டு ஆண்டுகளாகத் துபாயில் இருக்கிறேன். மேலே எழுதிய ஐயா சொல்லாமல் நிறுத்திய இரண்டையும் நான் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது கசகசா. தயவுசெய்து ஒரு சிட்டிகைகூடக் கொண்டு வராதீர்கள். நம் ஊரில் அது மளிகைக் கடைச் சரக்கு. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது அபினிச் செடியின் விதை என்ற அடிப்படையில் போதைப்பொருள் சட்டத்தின் பார்வைக்குள் வருகிறது. சமையலுக்குத்தான் கொண்டு வந்தேன், எனக்குத் தெரியாது என்று சொல்வது அந்த இடத்தில் உதவாது. சவூதி அரேபியாவிலும் சிங்கப்பூரிலும் இதே தடை இருக்கிறது. விமானத்துக்கு இதனால் எந்த ஆபத்தும் இல்லாததால் திருச்சியில் உங்களை யாரும் தடுக்காமலே போகலாம். அதுதான் இதன் அபாயம். திருச்சியில் கடந்துவிட்டதை அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு இங்கே வந்து இறங்குபவர்கள் இருக்கிறார்கள்.

கால் கிலோ பொட்டலத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டால் போதாது. வீட்டில் அரைத்த குருமா மசாலாவில் கசகசா சேர்த்திருக்கிறீர்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். லேகியத்திலும், அதற்கான சரக்குப் பொட்டலத்திலும் சில வீடுகளில் சேர்ப்பதுண்டு. நாட்டு மருந்துக் கடையில் பழைய தாளில் மடித்துக் கொடுத்த, பெயர் எழுதாத பொட்டலங்கள் சுங்கத்தில் உங்களுக்குப் பதில் சொல்லத் தெரியாத கேள்விகளை உண்டாக்கும். லேகியம் கட்டாயம் வேண்டுமென்றால், உட்பொருட்கள் அச்சிட்ட, முத்திரை பிரிக்காத கடைப் பாட்டிலாக ஒன்று வாங்குங்கள்; அந்த அச்சையும் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

இரண்டாவது வெற்றிலை. பான் வகைப் பொருட்கள் எல்லாம், வெற்றிலை உட்பட, துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. மங்கலத்துக்குத்தான் என்றாலும், மெல்வதற்கு அல்ல என்றாலும், இலை இலைதான். கொட்டைப்பாக்கையும் அதோடு சேர்த்தே எண்ணுங்கள். நாங்கள் இங்கே விசேஷங்களில் தாம்பூலத்தை மஞ்சள், குங்குமம், பூ, பழம், ஒரு தேங்காய் என்று வைத்துக் கொடுத்துப் பழகிவிட்டோம். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

தேங்காய்க்கும் சூடத்துக்கும் நீங்கள் இவ்வளவு தவிக்க வேண்டியதே இல்லை. துபாயின் கராமா பகுதியில் எந்த மளிகைக் கடையில் கேட்டாலும் தேங்காய் கிடைக்கும். பர் துபாயில் பழைய கோயில் இருந்த சந்தில் சூடம், ஊதுவத்தி, பூச்சரம், விளக்குத் திரி என்று பூசைச் சாமான்கள் எல்லாம் விற்கிறார்கள். கொல்லைத் தேங்காய் என்ற பெருமை மட்டும் கிடைக்காது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாராவது முட்டி வலிக்கோ இருமலுக்கோ மாத்திரை, மருந்து கொண்டு வருவதாக இருந்தால், அதில் ட்ரமடால், கோடீன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன்கூட்டியே இணையவழியில் அனுமதி பெற்று, மருத்துவர் சீட்டோடுதான் கொண்டு வர வேண்டும்.

பதில் 3
எழுதியவர்: குருசாமி_மடிப்பாக்கம்

தேங்காய் விஷயத்தில் முதல் பதிலை என்னால் முழுவதுமாக ஏற்க முடியவில்லை. இருமுடியில் தேங்காயோடு விமானத்தில் செல்ல அரசே அனுமதி கொடுத்திருக்கிறது. சென்ற முறை நான் சென்னையிலிருந்து கொச்சிக்கு இருமுடியைத் தலையிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டே சென்றேன், ஒருவரும் தடுக்கவில்லை. நெய் நிரப்பிய தேங்காய் கைப்பையில் போகலாம் என்றால், அதைவிட எளிதான வெறும் தேங்காய் ஏன் போகக் கூடாது? தானாகத் தீப்பற்றும் என்பது உண்மையானால், ஐயப்ப பக்தர்களின் தேங்காய் மட்டும் பற்றாதா? விதி என்றால் அதில் ஓர் ஒழுங்கு வேண்டாமா?

பதில் 4
எழுதியவர்: ஓய்வுபெற்றவன்

சாமி, உங்கள் கேள்வி நியாயமானது. எதிர் வீட்டுக்காரரும் செய்தித்தாள் படித்தவரும் இருவருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிடும் அனுமதி 2024 அக்டோபரில் வந்தது. சபரிமலைக்குச் செல்லும் பக்தர்கள் இருமுடியில் தேங்காயைக் கைப்பையாகக் கொண்டு செல்லலாம் என்றும், அது 2025 ஜனவரி 20 வரை நடப்பில் இருக்கும் என்றும் அதில் நாள் குறித்திருந்தார்கள். எக்ஸ்ரே, வெடிபொருள் தடயம் காணும் கருவி, கையால் சோதனை ஆகிய மூன்றும் முடிந்த பிறகே உள்ளே விடுவார்கள் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. மகர விளக்குக் காலத்துக்காக, ஒரு யாத்திரைக்காக, நாள் குறித்துக் கொடுத்த தளர்வு அது. அடுத்த பருவத்துக்கு அரசு மறுபடியும் அறிவிக்க வேண்டியிருந்தது. பொதுவாகத் தடை இருப்பதால்தான் தளர்வு தேவைப்படுகிறது. துபாய் வளைகாப்பு அந்தத் தளர்வுக்குள் வராது.

பற்றாதா என்று கேட்டீர்கள். ஒருவர் மடியில் இருக்கும் ஒற்றைத் தேங்காயையும், யாரும் பார்க்காத பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே அமுங்கிக் கிடக்கும் ஒரு கிலோ கொப்பரையையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. ஆனாலும் உங்கள் மனக்குறையில் ஒரு பகுதி எனக்கும் உண்டு. ‘தேங்காய்’, ‘உலர் தேங்காய்’, ‘கொப்பரை’ என்ற மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றோடொன்று குழப்பிவிடுகிறார்கள்; தென்னையே இல்லாத ஊரிலிருந்து பணிக்கு வந்த ஒரு காவலர், எது எது என்று எப்படிப் பிரித்தறிவார்?

இன்னொன்று. அந்தத் தளர்வு தேங்காய்க்கு மட்டுமே. இருமுடியில் வழக்கமாக வைக்கும் சூடத்துக்கு அல்ல. சபரிமலையிலேயே சூடம், சாம்பிராணி, பன்னீர் ஆகியவற்றை இருமுடியில் தவிர்க்குமாறு 2024-இல் கேட்டுக்கொண்டார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

பதில் 5
எழுதியவர்: மின்பொறியாளர்_கோவை

பவர் பேங்கைப் பற்றி யாரும் எழுதவில்லை. சீர்ப்பொருட்களைவிட இதில்தான் விதிகள் வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே வர வேண்டும். செக்-இன் பெட்டியில் எக்காரணம் கொண்டும் கூடாது. சூடத்துக்கு நேர்மாறான விதியாக இது தோன்றலாம், ஆனால் காரணம் ஒன்றுதான். லித்தியம் அயனி மின்கலத்துக்குள் மின்கசிவு ஏற்பட்டால் அது தன் வெப்பத்தாலேயே மேலும் சூடேறி, பக்கத்துக் கலத்தையும் பற்ற வைக்கும். விமானத்தின் கீழ்த்தளத்தில் பீய்ச்சப்படும் ஹேலான் வாயு சுடரை அடக்கும். கலத்துக்குள் நடக்கும் வினையை நிறுத்தாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட சோதனை முடிவில், பெட்டிக்குள் மடிக்கணினியின் மின்கலத்தைச் சூடாக்கி, பக்கத்தில் ஓர் உலர் ஷாம்பு ஸ்ப்ரே டப்பாவை வைத்தபோது, தீ எழுந்து 40 விநாடிகளுக்குள் டப்பா வெடித்துவிட்டது. அதே கலம் பயணிகள் இருக்கும் தளத்தில் புகைந்தால், பணிப்பெண்கள் அதைக் கண்டு, தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க முடியும். மின்கலத்தை மனிதர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்கச் சொல்வது அதற்காகத்தான். நீங்கள் செல்லும் துபாயிலேயே 2010 செப்டம்பர் 3 அன்று, லித்தியம் மின்கலங்களை ஏற்றிச் சென்ற யு.பி.எஸ். நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து, விமானிகள் இருவரும் உயிரிழந்தார்கள். பயணிகள் விமானங்களில் லித்தியம் அயனி மின்கலங்களைத் தனிச் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் உலகெங்கும் தடை செய்யப்பட்டுவிட்டது.

அளவைப் பற்றி ஒரு விளக்கம். விதி எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) கணக்கில் இல்லை, வாட்-மணிக் கணக்கில் இருக்கிறது. 100 வாட்-மணி வரை தடையில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டுக்கு மிகாமல் கொண்டு செல்லலாம். 160-ஐத் தாண்டினால் முடியாது. உங்களுடையது 20,000 எம்.ஏ.எச். என்றால் 20 ஆம்பியர்-மணி. அதைக் கலத்தின் மின்னழுத்தமான 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. எல்லைக்குள்தான் இருக்கிறது. சிலர் வெளியீட்டில் போட்டிருக்கும் 5 வோல்ட்டால் பெருக்கிவிட்டு 100 என்று பயப்படுவார்கள். அந்தக் கணக்கு தவறு. ஆனால் கணக்கை நீங்கள் அறிந்திருந்தால் போதாது, அளவு பவர் பேங்கின் மேல் அச்சில் தெளிவாகத் தெரிய வேண்டும். பொதுவாக அடிப்பக்கத்தில், சாம்பல் நிறத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் அது இருக்கும்; சட்டைப்பையில் சாவியோடு உரசி அழிந்திருந்தால் சோதனையில் பறிமுதல் செய்யலாம். இன்றே எடுத்துப் பாருங்கள்.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் புசான் விமான நிலையத்தில், ஓடுபாதைக்குக் கிளம்பும் முன்பே ஏர் புசான் விமானம் ஒன்று தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். தலைக்கு மேல் இருக்கும் அறையில் தீ தொடங்கியது என்றும், ஒரு பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றும் அந்நாட்டு அரசு பின்னர் சொன்னது. அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் விதியை இறுக்கியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை விதித்தது. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல் ஆளுக்கு ஒன்று, 100 வாட்-மணிக்குள், பயன்படுத்தக் கூடாது, மேல் அறையில் வைக்கக் கூடாது என்று அறிவித்தது. இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் (டி.ஜி.சி.ஏ.) இதே திசையில்தான் போயிருக்கிறது. நீங்கள் எந்த நிறுவனத்தில் சென்றாலும், பவர் பேங்கை இருக்கைக்குக் கீழே வைக்கும் சிறு பையில் வைத்துக்கொண்டு, பயணம் முடியும்வரை அதைத் தொடாமல் இருப்பது எல்லா விதிகளுக்கும் பொருந்தும்.

இவ்வளவு தெரிந்த நானே ஒரு முறை மாட்டிக்கொண்டேன். சென்ற ஆண்டு ஒரு விடியற்காலை விமானத்துக்கு அவசரமாகக் கிளம்பியபோது, பழைய பவர் பேங்க் பெட்டியின் பக்கவாட்டு ஜிப்பில் கிடந்ததை மறந்துவிட்டேன். ஏறுவதற்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டது. அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் என்னைக் கீழே அழைத்துச் சென்றார். அங்கே என் பெட்டி தனியாக, எண் எழுதிய சிவப்புச் சீட்டோடு நின்றது. அவர் முன்னிலையில் நானே பூட்டைத் திறந்து, எடுத்துக் கொடுத்து, படிவத்தில் கையெழுத்திட்டு மேலே ஓடி வந்தபோது கதவை மூட நான்கு நிமிடம் இருந்தது. அழைப்பு காதில் விழாமல் இருந்திருந்தால் நான் போயிருப்பேன், பெட்டி போயிருக்காது.

பதில் 6
எழுதியவர்: செவிலி_சேலம்

அம்மாவின் இன்சுலினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் வைக்கவே வேண்டாம். தடை என்பதால் அல்ல. பெட்டி தாமதமானால் அன்றைய ஊசிக்கு வழியில்லை, கீழ்த்தளத்தில் குளிர் அதிகமாகி மருந்து உறைந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். உறைந்து உருகிய இன்சுலின் பார்ப்பதற்கு மாறுதல் இல்லாமல் இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி வரை வைக்க வேண்டும். பிரித்து நடப்பில் இருக்கும் பேனாவோ குப்பியோ 30 டிகிரிக்குள் இருந்தால், பெரும்பாலான வகைகள் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். சரியான நாள் கணக்கு உறையில் இருக்கும்.

திரவத்துக்கான 100 மில்லிலிட்டர் விதி பயணத்துக்குத் தேவையான மருந்துக்குப் பொருந்தாது. ஆனால் மருத்துவர் சீட்டு, அதில் பயணச்சீட்டில் உள்ள அதே பெயர், மருந்தின் உறையில் கடைச் சீட்டு ஆகிய மூன்றும் வேண்டும். வீட்டுப் பெயர் ஒன்று, பாஸ்போர்ட் பெயர் ஒன்று என்று இருப்பவர்கள் நம்மில் அதிகம். இப்போதே சீட்டைப் பாஸ்போர்ட் பெயரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசிகளையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் மருந்தோடு ஒரே பையில் வைத்து, சோதனை தொடங்கும் முன்பே அம்மா வாய்விட்டுச் சொல்லிவிடட்டும். மகளிர் சோதனை தனித் தடுப்புக்குள் நடக்கும். அங்கே ஐயா உடன் செல்ல முடியாது. ஆகவே மருந்துப் பையும் சீட்டும் அம்மாவின் கையில் இருக்கட்டும், உங்கள் சட்டைப்பையில் வேண்டாம்.

பதில் 7
எழுதியவர்: காவிரிக்கரையான்

பதில் எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு இந்தப் பதில்களை என் மனைவிக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். கொப்பரைக் குவியலுக்குள் கை விட்ட கதையைக் கேட்டதும், தன் தாத்தா வீட்டுக் களத்தில் அதைத் தானே பார்த்திருப்பதாகச் சொல்லி, எதிர்ப்பே இல்லாமல் அந்த வரியை அடித்துவிட்டார். சூடமும் தீப்பெட்டியும் கூடவே போயின. கசகசா கலந்த குருமா மசாலா ஏற்கெனவே அரைத்து டப்பாவில் இருக்கிறது. அதை என் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, சோம்பும் முந்திரியும் வைத்துப் புதிதாக ஒன்று அரைக்கப் போகிறார். மிக்சி ஜாடியில் பழைய பொடி ஒட்டிக்கொண்டிருக்குமே என்று கேட்டதற்கு, இரண்டு முறை கழுவிவிட்டு அரைப்பதாகச் சொல்லியிருக்கிறார். லேகியத்தைக் கிளறும் எண்ணத்தையும் விட்டுவிட்டோம். பவர் பேங்கின் அடிப்பக்கத்தில் 74 என்ற எண் தெளிவாக இருக்கிறது.

வெற்றிலையை அடிக்கத்தான் அவருக்கு மனம் வரவில்லை. வெற்றிலை இல்லாத தாம்பூலம் என்ன தாம்பூலம் என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இன்று காலையில் மகளே தொலைபேசியில் பேசிய பிறகு, வளையல் அடுக்கும் அன்று இங்கே எங்கள் வீட்டுப் பூசையறையில் இரண்டு கவுளி வெற்றிலையை வைத்துவிடுமாறு என் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ஐந்து டஜன் கண்ணாடி வளையலையும் கையில் கொண்டு செல்வதா, பெட்டியில் வைப்பதா? கண்ணாடி என்பதால் கையில் தடுப்பார்களோ என்று அஞ்சுகிறோம்.

பதில் 8
எழுதியவர்: ஓய்வுபெற்றவன்

வளையலுக்குத் தடை இல்லை ஐயா, கையிலேயே கொண்டு செல்லுங்கள். பெட்டியில் வைத்தால் தூக்கிப் போடும்போது பாதி உடைந்துவிடும். ஒவ்வொரு டஜனையும் கயிற்றில் கோத்து, பழைய பருத்தித் துண்டில் உருளையாகச் சுருட்டி, ஒரு ஸ்வீட் டப்பாவில் நிற்க வையுங்கள். டப்பாவை டேப் போட்டு ஒட்டாதீர்கள், திறந்து காட்டச் சொல்வார்கள். எக்ஸ்ரேயில் அத்தனை வளையங்களும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும்போது பார்ப்பவருக்குச் சற்றுக் குழப்பமாக இருக்கும். ஆகவே கைப்பையிலிருந்து எடுத்து, தனித் தட்டில் வைத்து அனுப்பிவிடுங்கள்.

மகளுக்கு எங்கள் வாழ்த்துகள்.